கழுத்திலே தோன்றும் கட்டிகள்

தலையையும் உடலையும் இணைக்கும் பாலம் கழுத்து. ஒரு சாண் நீளமும் இல்லாத இச்சிறு உறுப்பினூடாகவே உண்ணும் உணவு செல்கின்றது. உயிர்க்கும் மூச்சுச் செல்கின்றது. மூளைக்கு வேண்டிய குருதி ஏறுகின்றது. மொழிக்குப் பிறப்பிடமாகிய குரலும் இங்கேதான் எழுகின்றது. ஆலகால விடம் உயிர்களை அழியாதவாறு இறைவன் அதனைத் தன் கண்டத்திலே தடுத்து நிறுத்தினான் என்பது புராண வரலாறு. நம்முடைய கழுத்திலும் அத்தகைய காவல் ஒன்று அமைந்திருக்கின்றது. நிணநீர்க் கணுக்கள் எனப்படும் அவரைவிதை போன்ற சிறு உறுப்புக்கள் நம் உடலில் 600 முதல் 800 வரை உள்ளன. அவற்றுள் ஏறக்குறைய 300 தலையிலும் கழுத்திலுமே இருக்கின்றன. வாய், மூக்கு, தொண்டை என்னும் வாயில்களாற் புகும் நோய்க்கிருமிகளை இவை வழிமறித்துப் போராடுகின்றன. போர் நிகழும்போது காவலிடம் வீங்குகின்றது. கழுத்திலே தோன்றும் கட்டிகளுட் பெரும்பாலானவை இவ்வாறு வந்து போகின்றவையே.

பெரும்பாலானவை என்றேனேயன்றி, எல்லாம் என்றிலேன். அவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் கற்பிக்கும் ஒருவன் வைத்தியத்தைப் பற்றி எழுதப் புகுந்ததேன் என்று வாசகர் வினவலாம். வைத்தியம் சொல்லும் தகுதி எனக்கில்லை, சொல்லவும் முற்படேன். எப்போது வைத்தியரிடம் செல்லவேண்டும் என்பதை அறியாதிருந்தமையால் என் குடும்பம் அடைந்த இழப்பே என்னை இதனைக் கற்கச் செய்தது. கற்றதைச் சொல்வது ஆசிரியன் கடமையாதலின் எழுதுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரே காலத்தில், எங்கள் வீட்டில் இருவருக்குக் கழுத்திலே கட்டி தோன்றியது. ஒருத்தி என் தங்கையின் மகள். ஆறு வயதுச் சிறுமி. ஒரு நாள் மாலை அவளுக்குக் காய்ச்சல் கண்டது. தாடையின் கீழே நெல்லிக்காய் அளவு வீக்கம், தொட்டால் அலறினாள். வீட்டார் எவரும் உறங்கவில்லை. விடியுமுன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடினோம். வைத்தியர் வாயைத் திறக்கச் செய்து, சொத்தைப் பல் ஒன்றைக் காட்டினார். மருந்து கொடுத்தார்; பல்லுக்கும் பின்னர்ச் சிகிச்சை நடந்தது. பத்து நாட்களில் வீக்கம் வற்றிவிட்டது.

மற்றவர் என் அம்மான். இக்கல்லூரியிலே கற்று, நெடுங்காலம் அரசாங்க சேவையிலிருந்து ஓய்வு பெற்றவர். நாள்தோறும் பத்திரிகை வாசித்து எமக்கு உலகச் செய்தி சொல்பவர். இளமை முதல் சுருட்டுப் பழக்கம் உடையவர். அவருடைய கழுத்தின் வலப்பக்கத்திலே புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி இருந்தது. நான் கேட்டபோது, “நோகவில்லையே, தம்பி. நோகாத ஒன்றுக்கு வைத்தியர் எதற்கு?” என்று சிரித்தார். நானும் வாளாவிருந்தேன். எட்டு மாதம் கழிந்தது. கட்டி தேசிக்காய் அளவாயிற்று, குரல் கம்மியது, விழுங்கும்போது காதினுட் குத்தியது. அதன் பின்னரே சென்றோம். நாக்கின் அடியிலே தோன்றிய புற்றுநோய் கழுத்துக் கணுவிலே படிந்திருந்தது என்று கண்டறிந்தார்கள். கதிர்ச்சிகிச்சையும் மருந்தும் பெற்றும் பதினான்கு மாதங்களே எம்முடன் இருந்தார். “புளியங்கொட்டை அளவில் வந்திருக்கலாமே” என்று வைத்தியர் தாழ்ந்த குரலிற் சொன்னது இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது.

நொந்த கட்டிக்காக விடியுமுன் ஓடிய நாங்கள், நோகாத கட்டிக்காக எட்டு மாதம் காத்திருந்தோம். உண்மையிலே செய்யவேண்டியது இதற்கு ஏறக்குறைய மாறானது. நோவும் காய்ச்சலும் காவலர் போராடும் ஆரவாரம். ஆரவாரமின்றி வந்து, அசையாமல் நின்று, மெல்ல வளரும் கட்டியே பெரிதும் அஞ்சத்தக்கது.

மொழி காட்டும் வேற்றுமை

நம் முன்னோர் இக்கட்டிகளை எல்லாம் ஒன்றெனக் கருதினாரல்லர் என்பதற்கு நம் மொழியே சான்று. புண்ணோ காய்ச்சலோ வந்தபோது தோன்றி மறைவதை ‘நெறி கட்டுதல்’ என்றனர். காதடியிலும் கன்னத்திலும் வீங்குவது ‘கூகைக்கட்டு’. கழுத்தைச் சூழ அடுத்தடுத்துத் திரள்வது ‘கண்டமாலை’. மாலை என்னும் சொல்லே நோயின் வடிவத்தைக் கண்முன் நிறுத்துகின்றது. முன்கழுத்துப் பருப்பதைக் ‘கண்டக்கழலை’ என்கின்றோம்.

மேலைநாட்டு வைத்தியத்தையும் தமிழிலே கற்ற மண் யாழ்ப்பாணம். 1847ஆம் ஆண்டில் இங்கு வந்த அமெரிக்க வைத்தியராகிய சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து நம்மவர்க்கு வைத்தியம் பயிற்றினார். பின்னர்த் தமிழ்மொழியிலேயே அதனைக் கற்பித்தார். சத்திரசிகிச்சையைப் பற்றி ‘இரண வைத்தியம்’ என்னும் நூல் 1867இல் தமிழில் வெளிவந்தது. ஆதலின் நோயைப் பற்றிப் பேசுவதற்குச் சொல் இல்லை என்னும் குறை நமக்கில்லை. காலத்திற் பேசாமையே குறை.

கேட்கவேண்டிய நான்கு வினாக்கள்

கழுத்திலே கட்டி ஒன்றைக் கண்டால் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். எத்தனை நாள்? எவ்விடம்? தொட்டால் எவ்வாறிருக்கின்றது? எவருடைய கழுத்து? வைத்தியரும் முதலில் வினவுவன இவையே.

எத்தனை நாள் என்பது தலையாய வினா. கிருமியினால் வந்த வீக்கம், காய்ச்சலும் தொண்டை நோவும் தணியத் தானும் தணியத் தொடங்கும். மருத்துவ மாணவர் மனனஞ் செய்யும் வாய்பாடு ஒன்றுண்டு. ஏழு நாட் கட்டி அழற்சியாலானது. ஏழு மாதக் கட்டி புதுவளர்ச்சியாலானது. ஏழாண்டுக் கட்டி பிறவியிலமைந்தது என்பது அது. இது வழிகாட்டியேயன்றி விதியன்று. அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை வைத்தியர்களின் கழகம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை இதனினும் தெளிவானது. வளர்ந்தோர் ஒருவரின் கழுத்திலே, கிருமித்தொற்றின் அறிகுறி இன்றி, ஒரு கட்டி இரண்டு வாரத்துக்கு மேல் நிலைத்திருப்பின், அல்லது அது எத்தனை நாளாக இருக்கின்றது என்றே தெரியாதிருப்பின், அதனை ஐயத்துக்குரியதாகக் கொண்டு ஆராய்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. இரண்டு வாரம் என்னும் அளவை மனத்திற் பதித்துக்கொள்க.

இரண்டாவது, இடம். தாடையின் கீழ் வீங்கினாற் பல்லையும் வாயையும் பார்க்கவேண்டும். பிடரியில் வீங்கினால் தலையிலே புண்ணோ பேன் கடித்துச் சொறிந்த காயமோ உண்டா எனப் பார்க்கவேண்டும். உணவு உண்ணும் வேளையிலே தாடையின் கீழ் வீங்கிப் பின்னர் வற்றினால், உமிழ்நீர்க் குழாயிலே கல் அடைத்திருக்கலாம். முன்கழுத்திலுள்ள கட்டி நீர் விழுங்கும்போது மேலெழுந்து இறங்கினால், அது கேடயச் சுரப்பியைச் சார்ந்தது. தைரொயிட்டு எனப்படும் இச்சுரப்பி குரல்வளையோடு பிணைந்திருப்பதால் அதனுடன் சேர்ந்து அசைகின்றது. நாக்கை நீட்டும்போது நடுக்கழுத்துக் கட்டி மேலெழுந்தால், அது பெரும்பாலும் பிறவியிலமைந்த நீர்ப்பையாகும். காறையெலும்பின் மேலே தோன்றும் கட்டியை ஒருபோதும் அற்பமென எண்ணலாகாது. நெஞ்சிலோ வயிற்றிலோ உள்ள நோய் அங்கு வந்து தலைகாட்டுவதுண்டு.

மூன்றாவது, தொடுகை. நோவுடன் மெதுமையாக, விரலுக்கு அசைந்து கொடுப்பது பெரும்பாலும் அழற்சி. ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டிருப்பது காசநோயாக இருக்கலாம். இறப்பர் போல அமிழ்ந்து எழுவது நிணநீர்க் கணுவிற் பிறக்கும் புற்றுநோயாக இருக்கலாம். கல்லைப்போல் இறுகி, ஆழத்தில் வேரூன்றி, அசையாதிருப்பது வேறோரிடத்துப் புற்றுநோய் பரவியதாக இருக்கலாம். இருக்கலாம் என்றே கூறுகின்றேன். விரலின் தீர்ப்பு முடிந்த தீர்ப்பன்று.

நான்காவது, அக்கழுத்துக்குரியவர் யார் என்பது. சிறுவர் கழுத்திற் கடலை அளவான கணுக்கள் தட்டுப்படுதல் இயல்பு. நாற்பது வயதைக் கடந்தவர், அதிலும் புகைத்தல், மது, புகையிலையுடன் வெற்றிலை என்னும் பழக்கமுடையவர், கட்டியொன்றைக் கண்டால், புற்றுநோய் அன்று என்று பரிசோதனை காட்டும்வரை ஐயத்துடனேயே நோக்குதல் வேண்டும்.

வைத்தியர் ஆராயும் முறை

வைத்தியரிடம் செல்ல அஞ்சுவோர் அங்கு நிகழ்வதை அறிந்தால் அச்சம் பாதி தீரும். அவர் நோயாளியின் பின்னே நின்று இரு கைகளாலும் கழுத்தைத் தடவிப் பார்ப்பார். நீர் விழுங்கச் சொல்வார். வாயினுள்ளும் நாக்கின் கீழும் பார்ப்பார். வேண்டுமாயின் மூக்கின் வழியே மெல்லிய நோக்குக் குழாயைச் செலுத்தித் தொண்டையின் ஆழத்தைக் காண்பார். குருதிப் பரிசோதனையும், ‘ஸ்கான்’ என்று நாம் வழங்கும் ஒலியலைப் படமும் அதன் பின்னர் வரும்.

ஐயம் தீர்க்கும் முதன்மையான பரிசோதனை நுண்ணூசிப் பரிசோதனையாகும். மெல்லிய ஊசியினாற் கட்டியிலிருந்து சில உயிர்க்கலங்களை உறிஞ்சியெடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்கின்றனர். குருதி எடுப்பதினும் பெரிதாக நோவதில்லை. ஊசி குத்தினாற் புற்றுநோய் பரவிவிடும் என்ற அச்சம் நம்மிடையே வேரூன்றியிருக்கின்றது. அவ்வாறு நேர்வது மிக மிக அரிது; ஊசிக்கு அஞ்சிக் காலத்தை இழப்பதனால் வரும் கேடே பெரிது. ஊசியினால் விடை கிடையாதபோது கணுவை வெட்டியெடுத்து ஆராய்வர். ஆயினும் வாயையும் தொண்டையையும் நன்கு ஆராயாமற் கட்டியை மட்டும் வெட்டியெடுத்தல் முறையன்று. நோயின் பிறப்பிடம் வேறிடத்தில் மறைந்திருக்கக்கூடும்.

சிகிச்சைகள்

கிருமியினால் வந்த வீக்கத்துக்கு அதன் மூலத்தைத் தீர்ப்பதே சிகிச்சை. வைரசினால் வந்தது தானே தணியும். பற்றீரியாவினால் வந்ததற்கு மருந்துண்டு. சீழ் கட்டினால் வைத்தியர் அதனை வெளியேற்றுவர். ஓர் எச்சரிக்கை: தாடையின் கீழ் விரைந்து வீங்கி, வாய் திறக்க முடியாமல், உமிழ்நீரை விழுங்க இயலாமல், மூச்சுத் திணறினால், அது அந்த நாழிகையிலேயே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய நிலை. பல்லிலிருந்து தோன்றி மூச்சுவழியை அடைக்கும் இத்தகைய வீக்கத்தைச் செருமானிய வைத்தியராகிய லுட்விக் 1836ஆம் ஆண்டிலே விவரித்தார்.

கண்டமாலையின் வரலாறு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் சுவை பயப்பது. இந்நோயை அரசர் தொட்டால் தீரும் என்று ஆங்கில நாட்டார் நெடுங்காலம் நம்பினர். பின்னாளிற் பேரகராதி தொகுத்த சாமுவேல் யோன்சன் குழந்தையாக இருந்தபோது, 1712ஆம் ஆண்டில், ஆன் அரசியார் அவரைத் தொட்டார். நோய் தீரவில்லை, கட்டியை அறுத்த வடுவே வாழ்நாள் முழுதும் எஞ்சியது. 1882ஆம் ஆண்டில் ரொபேட் கொக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். 1943இல் ஸ்ரெப்ரோமைசின் கண்டுபிடிக்கப்பட்டபின் இந்நோய் மருந்துக்குப் பணியத் தொடங்கிற்று. இன்று முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்துகளுமாக, ஆறு மாதச் சிகிச்சையால் இது குணமாகின்றது. நம் நாட்டிலே அரசாங்கம் இம்மருந்துகளை இலவசமாக வழங்குகின்றது. மருந்து உண்ணும் காலத்திலேயே கட்டி சிறிது பெருப்பதும் உண்டு. அதுகண்டு மனந்தளர்ந்து மருந்தை நிறுத்துதல் பெரும் பிழை. இக்கட்டியைக் கத்தியாற் கீறிவிட்டாலோ, ஆறாத புண்ணாகி நெடுநாள் ஒழுகும்.

கண்டக்கழலைக்கு அயடீன் குறைபாடு ஒரு காரணம். இலங்கையில் மழை மிகுந்த தென்மேற்குப் பகுதிகளிலே இந்நோய் மிகுதியாகக் காணப்பட்டது. உப்பில் அயடீன் சேர்த்தல் 1995ஆம் ஆண்டில் நம் நாட்டிலே சட்டமாயிற்று. கேடயச் சுரப்பியிலே தோன்றும் முடிச்சுக்களில் பத்தில் ஒன்பது வரை புற்றுநோயல்ல. ஆயினும் எது அந்த ஒன்பதைச் சேர்ந்தது என்பதைப் பரிசோதனையே சொல்லும். புற்றுநோயாயினும் அதன் பெரும்பான்மை வகை காலத்தோடு கண்டாற் குணமாகத்தக்கது. இச்சுரப்பியின் சத்திரசிகிச்சையைச் செம்மைப்படுத்தியவர் சுவிற்சர்லாந்து நாட்டுக் கொக்கர். அதற்காக 1909இல் நோபெல் பரிசு பெற்றார். சுரப்பி முழுவதையும் அகற்றினால் உடலும் அறிவும் மந்தமடைவதைக் கண்டு 1883இல் வெளிப்படுத்தியவரும் அவரே. இக்காலத்தில் அக்குறையை நாள்தோறும் வெறுவயிற்றில் உண்ணும் ஒரு சிறு மாத்திரை நிறைவு செய்கின்றது. குரலுக்குரிய நரம்பு இச்சுரப்பியை ஒட்டிச் செல்வதால், சத்திரசிகிச்சைக்கு முன் அதைப்பற்றி வைத்தியரிடம் வினவுதல் நன்று. குரலால் வாழும் ஆசிரியர்க்கு இது சிறப்பாகப் பொருந்தும்.

பிறவியிலமைந்த நீர்ப்பைகளைச் சத்திரசிகிச்சையால் முற்றாக நீக்கலாம். ஆனால் நாற்பதைக் கடந்தவரிடம் புதிதாகத் தோன்றும் நீர்க்கட்டியைப் பிறவிக்கட்டி என எண்ணி ஏமாறலாகாது.

நிணநீர்க் கணுக்களிலேயே பிறக்கும் புற்றுநோயை இலண்டன் வைத்தியராகிய தோமஸ் ஹொட்ஜ்கின் 1832இல் விவரித்தார். நோவில்லாத வீக்கத்தோடு இரவு வியர்வை, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், உடல் மெலிவு என்பன இதன் அறிகுறிகள். ஒருகாலத்தில் உயிர்கொல்லியாக இருந்த இந்நோய் இன்று மருந்தினாலும் கதிரினாலும் பலரிடத்தே முற்றாகக் குணமாகின்றது. இளைஞரையும் இது பற்றுமாதலின், மாணவரும் இவ்வறிகுறிகளை அறிந்திருத்தல் வேண்டும்.

வாய், நாக்கு, தொண்டை என்பவற்றிலிருந்து பரவும் புற்றுநோயே நம்மவர் மிக அஞ்சவேண்டியது. புகையிலை நம் மண்ணிலே பல குடும்பங்களுக்குச் சோறளித்த பயிர். அதனை உண்டும் புகைத்தும் வந்தமையால் வந்த இழப்பையும் நாம் மறைத்தலாகாது. புகையிலை இல்லாத வெற்றிலைபாக்கும், பாக்கு மட்டுமே கூடவும் புற்றுநோய் விளைப்பன என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2004ஆம் ஆண்டு வெளியீட்டிலே அறிவித்தது. சத்திரசிகிச்சை, கதிர்ச்சிகிச்சை, மருந்து என்னும் மூன்றும் தனித்தும் கூடியும் இதற்குப் பயன்படுகின்றன. சிகிச்சைக்காக எல்லோரும் தெற்கே மகரகமவுக்குச் செல்லவேண்டியிருந்த நிலையும் மாறியுள்ளது. 2011ஆம் ஆண்டில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடைபவனி சென்று திரட்டிய நிதி, தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை எழத் துணைபுரிந்தது. நாடு முழுவதும் நடந்து கொடுத்த கொடையைப் பயன்படுத்தாமல் வீட்டிலே காத்திருத்தல் அறிவுடைமையாகாது.

செய்யத்தகாதன

கட்டியை எண்ணெய் பூசி உருவுதலும் சூடு வைத்தலும் கீறுதலும் செய்யற்க. முன்பு ஒருவருக்குக் கொடுத்த மருந்தை மற்றொருவர் வாங்கி உண்ணற்க. மருந்து உண்டும் தணியாத கட்டிக்கு அதே மருந்தை மீண்டும் மீண்டும் உண்டு நாட்களைக் கழிக்கற்க. எல்லாவற்றிலும் கொடியது மறைத்தல். கலியாணம் பேசும் வேளையில் மகளின் கழுத்துக் கட்டியைச் சேலைத் தலைப்பால் மறைக்கும் பெற்றோரை நான் அறிவேன். ஆறு மாத மருந்தினால் வடுவின்றித் தீரக்கூடியது, மறைத்து வைத்தமையாற் சீழாகி வடுவாகின்றது. மறைத்தவர் எதனைக் காக்க எண்ணினரோ அதனையே இழக்கின்றனர்.

கல்லூரியின் விழா மலரை வாசிக்கும் பழைய மாணவர்களுள் என் அம்மானின் வயதையுடையோர் பலர். அவர்கள் முகச்சவரம் செய்யும்போது ஒருமுறை கையைத் தாடையின் கீழும் கழுத்தின் இருமருங்கும் செலுத்திப் பார்ப்பாராக. தாய்மார் பிள்ளைக்குத் தலைவாரும்போது பிடரியைத் தடவிப் பார்ப்பாராக. மாணவர்களே, உங்கள் வீட்டு முதியவரின் கழுத்திலே நோகாத கட்டி ஒன்றைக் கண்டால், “எத்தனை நாள்?” என்று கேளுங்கள். “நோகவில்லையே” என்று அவர் சிரிப்பார். அச்சிரிப்பை ஏற்று நான் வாளாவிருந்ததுபோல் நீங்கள் இராதீர்கள். இரண்டு வாரம் கடந்திருந்தால், அவரைக் கைப்பிடித்து வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். நோவில்லை என்பதே செல்லவேண்டியதற்குக் காரணம் என்று பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள்.